வலையை மரமாக்குவது: மெமரியில் உள்ள ஆப்ஜெக்ட்களை எக்ஸ்எம்எல் ஆக எழுதுதல்

கேள்வி சுருக்கமாக: ஜாவாவில் ஒரு பேருந்துத் தகவல் நிரல். மெமரியில் ‘வழித்தடம்’, ‘நிறுத்தம்’ என இரண்டு கிளாஸ். வழித்தடத்துக்குள் அதன் நிறுத்தங்களின் பட்டியல். நிறுத்தத்துக்குள் அதன் வழியே போகும் வழித்தடங்களின் பட்டியல். இவற்றை எக்ஸ்எம்எல் (தரவை டேக்குகளுக்குள் வைத்து எழுதும் உரை வடிவம்) கோப்பாக்கி வேறொரு நிரலுக்கு அனுப்ப வேண்டும். ஜாவா ஆப்ஜெக்ட்களை எக்ஸ்எம்எல் ஆக்கும் ஜாக்ஸ்பி லைப்ரரியிடம் கொடுத்தால் ‘சுழற்சி இருக்கிறது’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஸ்ட்ரிங்குகளை ஒட்டிக் கையாலேயே எழுதினால் சில கோப்புகளை மட்டும் எதிர்ப்பக்க நிரல் திறக்க மறுக்கிறது. வேறு எந்த லைப்ரரிக்கு மாறலாம்?

லைப்ரரியை மாற்ற வேண்டாம். ஜாக்ஸ்பி நின்றுபோனது உங்களுக்கு நல்லதுதான். நிற்காமல் எதையாவது எழுதித் தள்ளியிருந்தால்தான் வம்பு. சிக்கல் உங்கள் தரவின் வடிவத்தில் இருக்கிறது, அதை எந்த லைப்ரரியும் உங்களுக்காக முடிவு செய்ய முடியாது.

மெமரியில் இருப்பது வலை. எந்த ஆப்ஜெக்ட்டும் எந்த ஆப்ஜெக்ட்டையும் சுட்டலாம். கிண்டி என்ற ஒரே நிறுத்தத்தை முப்பது வழித்தடங்கள் சுட்டும். அந்த முப்பதையும் அது திருப்பிச் சுட்டும். எக்ஸ்எம்எல்லோ மரம். அதில் டேக்கால் குறிக்கப்படும் ஒவ்வொரு துண்டும் ஓர் உறுப்பு. வேர் உறுப்பைத் தவிர ஒவ்வோர் உறுப்புக்கும் தாய் உறுப்பு ஒன்றே ஒன்று. அத்தை மகனைக் கட்டிய வீட்டில் வம்சாவளி வரைந்து பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும்: ஒரே தாத்தா மணமகன் பக்கமும் வருவார், மணமகள் பக்கமும் வருவார். இரண்டு இடத்தில் எழுதினால் ஆள் இரண்டாகிவிடும். ஓரிடத்தில் மட்டும் எழுதினால் இன்னொரு பக்கத்திலிருந்து கோடு குறுக்கே ஓட வேண்டும். மரம் என்று சொல்லித் தொடங்கியது மரமாக இருக்காது.

யோசிக்காமல் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டாக உள்ளே இறங்கி எழுதினால் இரண்டு கேடுகள். ஒன்று சுழற்சி: வழித்தடத்துக்குள் நிறுத்தம், அதற்குள் வழித்தடம், அதற்குள் மறுபடி நிறுத்தம் என்று முடிவே இல்லாமல் போகும். இது சத்தம் போடும் பிழை, உடனே கண்ணில் படும். மற்றது பகிர்வு. கிண்டி முப்பது வழித்தடங்களுக்குள்ளும் முப்பது முறை நகலாக எழுதப்படும். கோப்பு நன்றாகத் திறக்கும், பார்க்கவும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எதிர்ப்பக்கம் படித்து மெமரியில் ஏற்றியதும் அங்கே முப்பது கிண்டிகள் இருக்கும். ஒன்றின் பெயரைத் திருத்தினால் மற்ற இருபத்தொன்பதும் பழைய பெயரோடு நிற்கும். என் கணக்கில் இதுதான் இரண்டில் மோசமானது, ஏனென்றால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

ஆகவே எழுதத் தொடங்கும் முன் ஒவ்வொரு வகைக்கும் ஒரு கேள்வி: இதற்குச் சொந்த வீடு எது? ஒரு பொருள் கோப்பில் முழுதாக எழுதப்படும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். மற்ற இடங்களில் அதன் அடையாளத்தைச் சுட்டினால் போதும். உங்கள் தரவுக்கு நான் எழுதினால் இப்படி வரும்:

```
<வலையமைப்பு பதிப்பு="1">
  <நிறுத்தங்கள்>
    <நிறுத்தம் அடையாளம்="நி-சைதை">
      <பெயர்>சைதாப்பேட்டை</பெயர்>
    </நிறுத்தம்>
    <நிறுத்தம் அடையாளம்="நி-கிண்டி">
      <பெயர்>கிண்டி</பெயர்>
    </நிறுத்தம்>
  </நிறுத்தங்கள்>
  <வழித்தடங்கள்>
    <வழித்தடம் அடையாளம்="வ-1">
      <நிற்குமிடம் எது="நி-சைதை"/>
      <நிற்குமிடம் எது="நி-கிண்டி"/>
    </வழித்தடம்>
  </வழித்தடங்கள்>
</வலையமைப்பு>
```

(டேக் பெயர்களைத் தமிழில் வைத்திருப்பது விளையாட்டுக்கு அல்ல, இது செல்லுபடியாகும் எக்ஸ்எம்எல். 1998 பிப்ரவரியில் வெளியான முதல் பதிப்பிலிருந்தே தமிழ் எழுத்துகள் பெயர்களில் அனுமதிக்கப்பட்டவை. அந்தப் பதிப்பு அன்றைய யூனிகோட் அட்டவணையைப் பார்த்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டிருந்தது. யூனிகோடில் பின்னால் சேர்ந்த ‘ஶ’ அதில் இல்லை. 2008ல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்தப் பட்டியலைத் தளர்த்திய பிறகே அதற்கும் இடம் கிடைத்தது.)

இந்த எடுத்துக்காட்டில் இல்லாததைக் கவனியுங்கள். நிறுத்தத்துக்குள் ‘இதன் வழியே போகும் வழித்தடங்கள்’ என்ற பட்டியலே இல்லை. அது மூலத் தரவு அல்ல; வழித்தடங்களைப் பார்த்தாலே கணக்கிட்டுவிடலாம். மெமரியில் வேகத்துக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. கணக்கிட்டு வருவதைக் கோப்பில் எழுதாதீர்கள். எழுதினால் ஒரே உண்மை இரண்டு இடத்தில் இருக்கும், என்றாவது ஒருநாள் இரண்டும் முரண்படும், அப்போது எதை நம்புவது என்று படிப்பவருக்குத் தெரியாது. நான் பார்த்தவரையில் நடைமுறைத் தரவில் வரும் சுழற்சிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட திருப்பிச் சுட்டல்கள்தான். அவற்றை விட்டுவிட்டாலே சுழற்சி அறுந்துவிடும்.

ஜாக்ஸ்பியில் இதற்கு எல்லாம் இருக்கிறது. திருப்பிச் சுட்டும் பட்டியலுக்கு எக்ஸ்எம்எல்ட்ரான்சியன்ட் என்ற குறிப்பு, அடையாளத்துக்கு எக்ஸ்எம்எல்ஐடி, சுட்டும் ஃபீல்டுக்கு எக்ஸ்எம்எல்ஐடிரெஃப். இரண்டு இடத்தில் கால் இடறும். அடையாளம் எண்ணில் தொடங்கக் கூடாது. கோப்பின் விதிகளை எழுதும் எக்ஸ்எம்எல் ஸ்கீமா அதை ஒரு பெயராகத்தான் பார்க்கிறது, எனவே வெறும் 42 செல்லாது, ‘நி-42’ செல்லும். அடுத்தது, திரும்பப் படிக்கும்போது நிறுத்தத்தின் வழித்தடப் பட்டியலைக் கோப்பு முழுதும் படித்து முடித்த பிறகே கட்டுங்கள். நடுவில் கட்ட முயன்றால் சில சுட்டல்கள் இன்னும் தீர்க்கப்படாமல் வெறுமையாக இருக்கும். இன்னொன்று: ஜாவா 6 முதல் ஜாக்ஸ்பி ஜாவாவோடு கூடவே வந்தது, 2018ல் வெளியான ஜாவா 11ல் நீக்கிவிட்டார்கள். புதிய ஜாவாவில் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும், பேக்கேஜ் பெயரும் இப்போது ஜகார்த்தா என்று தொடங்கும். பழைய வலைப்பக்கங்களில் இருக்கும் கோட் அப்படியே ஓடாததற்கு இதுதான் காரணம்.

அடையாளம் வைத்துச் சுட்டும் இந்த வழி பெரிய அளவில் தாங்குமா என்று சந்தேகம் இருந்தால் பலர் சேர்ந்து வரையும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் எக்ஸ்எம்எல்லைத் திறந்து பாருங்கள். உலக வரைபடம் முழுவதும் மூன்றே வகையில் அடங்குகிறது: புள்ளி, பாதை, உறவு. புள்ளிக்கு ஓர் அடையாள எண், அட்சரேகை, தீர்க்கரேகை. பாதை புள்ளிகளைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. அவற்றின் எண்களை வரிசையாகச் சுட்டுகிறது. இரண்டு தெருக்கள் கூடும் முனை இரண்டு பாதைகளிலும் ஒரே எண்ணாக வரும். அவை கூடுகின்றன என்று வழிகாட்டும் நிரலுக்குத் தெரிவதே அதனால்தான். ஒவ்வொரு தெருவுக்குள்ளும் ஆயத்தொலைவுகளை நகலெடுத்து எழுதியிருந்தால் படம் அச்சு அசலாக இருந்திருக்கும், ஆனால் சந்திப்பு என்ற செய்தி தொலைந்திருக்கும். பேருந்து வழித்தடம் அங்கே ஓர் உறவு. நிறுத்தங்களையும் தெருக்களையும் உறுப்பினர்களாகச் சுட்டி, ஒவ்வொன்றுக்கும் அதன் பங்கையும் குறிக்கிறது. முழு உலகக் கோப்பில் புள்ளிகள் முதலில், பாதைகள் பிறகு, உறவுகள் அதன்பின். சுட்டப்படுவது முன்னால், சுட்டுவது பின்னால் என்பதால் ஒரே ஓட்டத்தில் படித்துவிடலாம். உறவு இன்னோர் உறவைச் சுட்டும் இடத்தில் மட்டும் இந்த ஒழுங்கு கைகொடுக்காது.

தானாகவே அடையாளம் போட்டுத் தரும் லைப்ரரிகளும் உண்டு. நிரல்கள் எக்ஸ்எம்எல்லில் பேசிக்கொள்ள உதவும் சோப் 1.1 நெறிமுறை தன் ஐந்தாம் பிரிவில் இதைத்தான் செய்தது. ஆப்பிளின் கீட்ஆர்க்கைவர் எல்லா ஆப்ஜெக்ட்களையும் ஒரே தட்டையான பட்டியலில் போட்டு, ஒன்றையொன்று பட்டியல் எண்ணால் சுட்டவிடும். டாட்நெட்டின் டேட்டாகான்ட்ராக்ட்சீரியலைசரில் ஒரு கிளாசுக்கு இதை இயக்கிக்கொள்ளலாம். ஜாவாவின் எக்ஸ்ஸ்ட்ரீம் இன்னும் ஒரு படி போய், அடையாள எண்ணே இல்லாமல், ‘மேலே இரண்டு படி ஏறி மூன்றாவது நிறுத்தத்தைப் பார்’ என்ற பாணியில் எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்லுக்குள் ஓரிடத்தைக் காட்டும் மொழி) சுட்டலை எழுதும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் யாராவது அந்தக் கோப்பைக் கையால் திறந்து ஒரு நிறுத்தத்தை நடுவில் செருகினால் கீழே உள்ள சுட்டல்கள் எல்லாம் ஒன்று தள்ளிப் போய் வேறு நிறுத்தத்தைக் காட்டும். வேறொருவர் கைக்குப் போகும் கோப்புக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

அடையாளத்தை நீங்களே போடுவதானால் அதை எங்கிருந்து எடுப்பது? மெமரி முகவரியோ ஹேஷ் எண்ணோ வேண்டாம். அடுத்த முறை ஓட்டும்போது மாறிவிடும். நிறுத்தக் குறியீடு என்று ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதுவே சிறந்தது. இல்லாமல் 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு போனால், எண்ணும் வரிசை ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹேஷ்மேப்பில் சுற்றி வந்து எழுதினால் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. தரவு மாறாமலேயே கோப்பு மாறும், பதிப்பு மாற்றங்களைக் காட்டும் கிட் கருவியில் பார்த்தால் முந்நூறு வரி வித்தியாசம் காட்டும். எழுதும் முன் வரிசைப்படுத்திவிடுங்கள்.

‘இதை ஏற்கெனவே எழுதிவிட்டோமா’ என்று சோதிக்கும்போது சமமா என்று பார்க்காதீர்கள், அதே ஆப்ஜெக்ட்டா என்று பாருங்கள். ஒரே பெயருள்ள இரண்டு வேறு நிறுத்தங்கள் சமம் என்று சொல்லிவிட்டால் அவை கோப்பில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஜாவாவில் இதற்கென்றே ஐடென்டிட்டிஹேஷ்மேப் இருக்கிறது. பைத்தானில் ஆப்ஜெக்ட்டின் ஐடி எண்ணை வைத்துச் செய்பவர்கள் அந்த ஆப்ஜெக்ட்டையும் கூடவே பிடித்து வைத்திருக்க வேண்டும். தற்காலிக ஆப்ஜெக்ட் ஒன்று அழிந்ததும் அதே எண் வேறொன்றுக்குக் கிடைக்கக்கூடும். ஆப்ஜெக்ட்களைச் சேமிக்கும் பைத்தானின் பிக்கிள் தன் குறிப்பேட்டில் ஆப்ஜெக்ட்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. கோப்பின் அமைப்பை உங்கள் கிளாஸ்களிலிருந்து பெறாதீர்கள். கிளாஸ் உங்கள் வீட்டு விஷயம், நாளைக்கே பெயர் மாற்றுவீர்கள், இரண்டாகப் பிரிப்பீர்கள். கோப்பு வெளியே போய்விட்டது. அதைப் படிக்கும் நிரல் யாருடையதோ. கிளாஸை அப்படியே கொட்டினால் உள்ளே செய்யும் ஒவ்வொரு சீரமைப்பும் வெளியே ஒப்பந்த மீறலாகிவிடும். முதலில் கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்று மேலே எழுதியதுபோல ஒரு மாதிரியை எழுதுங்கள். பிறகு அந்த வடிவத்துக்கென்று மெல்லிய தனி கிளாஸ்கள். உங்கள் நிஜ கிளாஸ்களிலிருந்து அவற்றுக்கு மதிப்புகளை மாற்றும் ஒரு ஃபங்ஷன். ஜாக்ஸ்பி அந்த மெல்லிய கிளாஸ்களை மட்டும் தொடட்டும். அதிகப்படி வேலை என்று தோன்றும். தட்டச்சு வேலைதான், மூளை வேலை இல்லை.

இதைச் செய்யாவிட்டால் எப்படி ஆகும் என்பதற்குப் பொதுவெளியிலேயே சாட்சி உண்டு. 2006ல் எக்மா 376 என்ற எண்ணில் தரப்படுத்தப்பட்ட, மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் கோப்புகளின் வடிவமான ஆபிஸ் ஓப்பன் எக்ஸ்எம்எல்லில் ‘வேர்ட் 95 போல இடைவெளி விடு’ என்று பொருள்படும் உறுப்பு ஒன்று இருக்கிறது. ஒரு நிரலின் பழைய நடத்தை அப்படியே தர ஆவணத்துக்குள் குடியேறிவிட்டது. இருந்த கோப்புகளை எல்லாம் சேதமில்லாமல் மாற்ற வேண்டிய கட்டாயம் மைக்ரோசாஃப்டுக்கு இருந்தது, அதைப் புரிந்துகொள்கிறேன். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கொட்டுவதிலும் இரண்டு பாணி உண்டு. ஒன்று தரவின் வகையை டேக்காக வைப்பது: தொகுப்பு, உறுப்பு, எண், சரம். 1998ல் வந்த எக்ஸ்எம்எல்-ஆர்பிசியும் டபிள்யூடிடிஎக்ஸும் இந்த வகை. ஆப்பிளின் அமைப்புக் கோப்பு வடிவமான பிளிஸ்டும் இதே ஜாதி. அதில் அகராதி என்ற உறுப்புக்குள் சாவி ஓர் உறுப்பு, மதிப்பு அதன் பக்கத்தில் இன்னோர் உறுப்பு, இரண்டையும் இணைப்பது அவை அடுத்தடுத்து நிற்பது ஒன்றுதான். எந்தத் தரவையும் யோசிக்காமல் இதில் போட்டுவிடலாம், அதுதான் இதன் பலம். ஆனால் ‘கிண்டியின் பெயர் எங்கே’ என்று எக்ஸ்பாத்தில் தேடிப் பாருங்கள், நொந்துவிடுவீர்கள். ஸ்கீமா வைத்துச் சரிபார்த்தாலும் ‘இது ஒரு செல்லுபடியாகும் தொகுப்பு’ என்பதற்கு மேல் எதையும் அது சொல்லாது. மற்றப் பாணி, மேலே நான் காட்டியது: துறையின் சொற்களே டேக். அமைப்புக் கோப்புக்கும் உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்ளும் சேமிப்புக்கும் முதல் பாணி போதும். அடுத்தவருக்கு அனுப்புவதானால் இரண்டாவதுதான்.

ஆவணத்துக்குள் கிளாஸ் பெயர்களை எழுதிவைக்கும் லைப்ரரிகளில் பாதுகாப்பும் ஒரு கேள்வி. கோப்பில் எழுதியிருக்கும் கிளாஸை உருவாக்கு என்று படிக்கும் நிரல் கீழ்ப்படிந்தால், கோப்பை எழுதியவர் உங்கள் சர்வரில் எதையும் உருவாக்கலாம். ஜாவாவின் எக்ஸ்எம்எல்டிகோடர் படிப்பது தரவு மட்டுமல்ல, மெத்தட் அழைப்புகளின் வரிசை. அதைத் திறந்து வைத்திருந்த ஆரக்கிளின் வெப்லாஜிக் சர்வர்களை 2017ல் வெளியான ஓட்டை வழியாகப் பிடித்துக் கிரிப்டோ நாணயம் தோண்ட வைத்தார்கள். 2013 ஜனவரியில் வலைத்தளம் கட்ட உதவும் ரூபி ஆன் ரெயில்ஸில் வெளியான ஓட்டையும் இதே குடும்பம்: எக்ஸ்எம்எல்லாக வரும் கோரிக்கையில் ஒரு ஆட்ரிபியூட்டில் (டேக்குக்குள் எழுதும் பண்பில்) ‘இது யாமல்’ (இன்னொரு தரவு வடிவம்) என்று எழுதினால் உள்ளே இருந்ததை யாமலாகப் படித்து, அதன் வழியே எந்த ஆப்ஜெக்ட்டையும் உருவாக்கிவிட்டது. எக்ஸ்ஸ்ட்ரீம் 2021ல்தான் அனுமதிப் பட்டியலில் உள்ள கிளாஸ்களை மட்டும் உருவாக்குவதை இயல்பான அமைப்பாக்கியது. வகையைக் குறிக்க வேண்டுமானால் ‘விரைவுப் பேருந்து’, ‘சாதாரணப் பேருந்து’ என்று உங்கள் சொல்லை எழுதி, படிக்கும் பக்கத்தில் அதை நீங்களே கிளாஸாக மாற்றுங்கள். வெளிக் கோப்புகளை உள்ளே இழுத்துவரும் என்டிட்டிகளையும், அவற்றை அறிவிக்கும் டிடிடி பகுதியையும் படிப்பவர் அணைத்துவிட வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது தலைவலி: கையால் எழுதிய சில கோப்புகள் மட்டும் திறக்காதது. நிறுத்தப் பெயர் ஒன்றில் ‘&’ இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். உரைக்குள் < வந்தால் &#60; என்றும், & வந்தால் &#38; என்றும் எழுத வேண்டும்; ஆட்ரிபியூட்டுக்குள் மேற்கோள் குறியையும் மாற்ற வேண்டும். இதைக் கையால் செய்யத் தொடங்கினால் ஓரிடத்தில் மறப்பீர்கள், இன்னோரிடத்தில் இரண்டு முறை செய்வீர்கள். பிறகு திரையில் ‘டீ &#38; காபி’ என்று அப்படியே தெரியும். ஸ்ட்ரிங் ஒட்டுவதை நிறுத்தி எக்ஸ்எம்எல்ஸ்ட்ரீம்ரைட்டரைப் பயன்படுத்துங்கள். ஜாவா 6 முதல் கூடவே வருகிறது. குறிகளை மாற்றாமலே எழுதவிடும் சிடேட்டா பகுதிக்குள் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பகுதியை மூடும் ‘]]>’ உரைக்குள் வரும் நாள் வரைக்கும் தீர்ந்ததுதான்.

ரைட்டர் வைத்தாலும் தப்பாத ஒன்று கட்டுப்பாட்டு எழுத்துகள். யூனிகோடில் 32க்குக் கீழே உள்ளவற்றில் 9, 10, 13 ஆகிய மூன்று மட்டுமே எக்ஸ்எம்எல் 1.0ல் அனுமதி. மற்றவற்றை எண் குறிப்பாகக்கூட எழுத முடியாது; &#4; என்று எழுதினாலும் கண்டிப்பான பார்சர் (எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் நிரல்) மறுத்துவிடும். டாலி கணக்கு மென்பொருளிலிருந்து எக்ஸ்எம்எல் எடுத்துப் படித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ‘பொருந்தாது’ போன்ற உள்மதிப்புகளுக்கு முன்னால் இதே &#4; நிற்கும், வழக்கமான பார்சருக்குக் கொடுக்கும் முன் அதை அகற்றியாக வேண்டும். உங்கள் தரவுத்தளத்தில் பழைய எக்செல்லிலிருந்து ஒட்டிய பெயர்கள் இருந்தால் இப்படி ஏதாவது ஒளிந்திருக்கும். எழுதும் முன் வடிகட்டுங்கள். உண்மையிலேயே பைனரி தரவு என்றால் பைட்டுகளை எழுத்துகளாக எழுதும் பேஸ்64 ஆக்குங்கள், அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், வேறு வழியில்லை. வரி முறிவும் அப்படியே திரும்பி வராது: விண்டோஸின் இரட்டை வரிமுறிவு படிக்கும்போது ஒற்றையாகிவிடும். ஆட்ரிபியூட்டுக்குள் இருக்கும் வரிமுறிவு வெறும் இடைவெளியாகிவிடும். ஆகவே பல வரி உரையை ஆட்ரிபியூட்டில் வைக்காதீர்கள்.

எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறையான என்கோடிங்கில் ஒரு பொதுவான பொறி. கோப்பின் முதல் வரி ஒரு என்கோடிங்கைச் சொல்லும், பைட்டுகள் வேறொன்றில் இருக்கும். டாட்நெட்டில் ஸ்ட்ரிங்ரைட்டரில் எழுதினால் முதல் வரியில் யூடிஎஃப்-16 என்று விழும், ஏனென்றால் அங்கே ஸ்ட்ரிங் என்பதே அதுதான். அதை அப்படியே யூடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்தால் பல பார்சர்கள் முதல் வரியிலேயே நின்றுவிடும். ஜாவாவில் ஃபைல்ரைட்டரை என்கோடிங் சொல்லாமல் திறப்பது இதன் உடன்பிறப்பு: ஜாவா 18க்கு முன்பு அது இயங்குதளத்தின் இயல்பு என்கோடிங்கை எடுத்துக்கொண்டது, அது யூடிஎஃப்-8 ஆக இல்லாத கணினியில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகிவிடும். பைட் ஸ்ட்ரீமை ரைட்டரிடம் கொடுத்து, என்கோடிங்கை அதனிடமே சொல்லிவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்களை அடையாளமாக வைப்பவர்களுக்கு இன்னொன்று. ‘கொ’ என்பதை இரண்டு விதமாக உள்ளிடலாம்: க-வுக்குப் பின் 3018 என்ற ஒற்றைக் குறியாகவோ, 3014, 3006 என்ற இரண்டு குறிகளாகவோ. யூனிகோட் இரண்டையும் சமமாகக் கருதும். திரையிலும் வித்தியாசம் தெரியாது. எக்ஸ்எம்எல் பார்சர் சமமாகக் கருதாது, எண்களைத்தான் ஒப்பிடும். நிறுத்தத்தின் அடையாளம் ஒரு விதத்திலும் அதைச் சுட்டும் ஆட்ரிபியூட் இன்னொரு விதத்திலும் இருந்தால் ‘கொருக்குப்பேட்டை’ கிடைக்கவில்லை என்று பிழை வரும், கண்ணால் எத்தனை முறை பார்த்தாலும் காரணம் புரியாது. எழுதும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஜாவாவில் நார்மலைசர் கிளாஸ் அதைச் செய்யும். தரவு பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியீட்டில் இருந்தால் முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றாமல் மேலே உள்ள எதுவும் பயன்தராது.

மதிப்புகளைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எண்களைத் திரைக்கு அழகுபடுத்தும் ஃபங்ஷனால் எழுதாதீர்கள். 1,00,000 என்று காற்புள்ளியோடு விழும், அல்லது ஜெர்மன் அமைப்புள்ள கணினியில் தசமப் புள்ளியே காற்புள்ளியாகும். ஜாவாவில் ஸ்ட்ரிங் ஃபார்மட் கணினியின் மொழி அமைப்பைப் பின்பற்றும். டபுள் எண் சிதையாமல் போய்த் திரும்ப 17 இலக்கங்கள் போதும். உங்களுக்கு ஆயத்தொலைவுகள் இருந்தால் அத்தனையும் தேவையில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 7 தசம இடங்களோடு நிறுத்திக்கொள்கிறது, அதுவே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் துல்லியம். நேரத்தை ஐஎஸ்ஓ 8601 வடிவில், +05:30 என்ற நேர வித்தியாசத்தோடு எழுதுங்கள். அது இல்லாத நேரத்தைச் சிங்கப்பூரில் இருக்கும் சர்வர் தன் நேரமாக எடுத்துக்கொள்ளும்.

‘இல்லை’ என்பதற்கு மூன்று நிலைகள் உண்டு: உறுப்பே இல்லை, உறுப்பு இருக்கிறது ஆனால் காலி, உறுப்பு இருக்கிறது ஆனால் நல் (மதிப்பே இல்லை). மெமரியில் காலி ஸ்ட்ரிங்கும் நல்லும் வெவ்வேறு. எக்ஸ்எம்எல்லில் காலி உறுப்பைப் பார்த்தால் எது என்று தெரியாது. ஸ்கீமா இதற்கென்று நில் என்ற ஆட்ரிபியூட்டைத் தருகிறது. நான் பெரும்பாலும் நல் என்றால் உறுப்பையே எழுதாமல் விடுவேன், அதை ஆவணத்திலும் எழுதிவைப்பேன். பட்டியல்களுக்கு எப்போதும் ஒரு சுற்று உறுப்பு வையுங்கள், மேலே நிறுத்தங்கள், வழித்தடங்கள் என்று வைத்ததுபோல. பட்டியல் காலியாக இருக்கிறது என்பதற்கும் பட்டியலே அனுப்பவில்லை என்பதற்கும் அப்போதுதான் வித்தியாசம் தெரியும். அப்படியும், ஸ்கீமா பார்க்காமல் படிக்கும் எளிய லைப்ரரிகள் ஒரே ஒரு நிறுத்தம் இருந்தால் அதைப் பட்டியலாக எடுத்துக்கொள்ளாது. பெர்லின் எக்ஸ்எம்எல்-சிம்பிள் இதில் பேர்போனது. சோதனைக் கோப்பில் இரண்டு நிறுத்தம் இருந்ததால் ஓடிய கோட், ஒரே நிறுத்தமுள்ள கோப்பில் விழும்.

எதிர்ப்பக்கம் எந்த லைப்ரரி படிக்கப்போகிறது, அது உறுப்புகளின் வரிசையைப் பார்க்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டேட்டாகான்ட்ராக்ட்சீரியலைசர் தனியாகச் சொல்லாவிட்டால் உறுப்புகளை அகரவரிசையில் எதிர்பார்க்கும். இடம் மாறி வந்த உறுப்பைப் பிழை சொல்லாமல் தாண்டிப் போய்விடும், அந்த ஃபீல்ட் வெறுமையாக நிற்கும். இணைப்பில் பிழை இல்லை, கோப்பில் பிழை இல்லை, ஆனால் தரவு இல்லை என்ற புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அளவு. சில ஆயிரம் நிறுத்தங்களுக்கு ஜாக்ஸ்பி தாராளம். தரவு பல நூறு எம்பியாக வளர்ந்தால் முழு ஆவணத்தையும் டாம் மரமாக மெமரியில் கட்டி எழுதும் வழியை விடுங்கள், கோப்பைவிடப் பல மடங்கு இடத்தை அது விழுங்கும்; ஸ்ட்ரீம்ரைட்டரில் உறுப்பு உறுப்பாக எழுதி அனுப்புங்கள். ஆழத்தையும் பாருங்கள். இணைப்புப் பட்டியலை ‘அடுத்தது’ என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எழுதினால் பத்தாயிரம் அடுக்கு ஆகி, எழுதும் பக்கம் ஃபங்ஷன் அழைப்புகளுக்கான ஸ்டாக் நிரம்பும். படிக்கும் பக்கம் 256 அடுக்கோடு மறுக்கும் பார்சர்கள் உண்டு. வரிசையாக எழுத வேண்டியதை வரிசையாகவே எழுதுங்கள்.

சோதனைக்கு எழுதி, திரும்பப் படித்து, மறுபடி எழுதுங்கள். இரண்டு கோப்புகளும் பைட் மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். சோதனைத் தரவில் ஒரே நிறுத்தமுள்ள வழித்தடம், நிறுத்தமே இல்லாத வழித்தடம், & உள்ள பெயர், இரண்டு விதமாக உள்ளிட்ட ‘கொ’, ஒரே நிறுத்தத்தை இரண்டு முறை தொடும் சுற்று வழித்தடம் எல்லாம் இருக்கட்டும். நிஜக் கோப்பை நேராக அதன் பெயரில் எழுதாமல் தற்காலிகப் பெயரில் எழுதி, மூடிய பிறகு பெயரை மாற்றுங்கள். பாதியில் மின்சாரம் போனால் எதிர்ப்பக்கத்துக்கு நேற்றைய முழுக் கோப்பாவது இருக்கும். பாதி எக்ஸ்எம்எல்லை எந்த ஒழுங்கான பார்சரும் ஏற்காது.